டாக்டரம்மாவின் பதினோரு மட்டைகள்

முதலியார்பேட்டை,
17 ஜூன் 2024

திரு. லூர்துபிரகாஷ் அவர்களுக்கு,

இங்கு நலம். அங்கேயும் நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாதியில் வைத்தீர்கள், அதற்கு முந்தின ஞாயிறு நான் வைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்துத்தானே ஆக வேண்டும்.

நேற்று பூசை முடிந்து வந்தபோது நம் வாசலில் டாக்டர் செல்வாம்பாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"லூர்து இல்லியாம்மா? என் கோல்ஃப் செட்டு ரெடியாயிடுச்சா?" என்று கேட்டார்.

"அவர் கோத்தகிரி பக்கம் ஒரு கிளப்புக்கு வேலைக்குப் போயிட்டாருங்க. ஒரு மாசம் ஆவுது" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. ஆகஸ்ட் மூன்றாம் தேதி சென்னையில் வயதானவர்களுக்கு ஒரு போட்டியாம். வாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து இரண்டு வருஷமாக ஆடவில்லை, இப்போதுதான் தேறி இந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

பின்னறையில் உங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துப் பார்த்தேன். பதினோரு மட்டைகளில் ஆறு கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. ஐந்து துருப்பிடித்துக் கிடக்கின்றன. மறைக்காமல் சொல்கிறேன், போன வாரம் காயலான்கடைக்காரனைக் கூப்பிட்டு அந்த மூட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, அவன் வரவில்லை.

என் அண்ணன் அலெக்சாண்டரிடம் "இவர் ரிசார்ட்டில் நிர்வாகத்தில் இருக்கிறார்" என்று நான் சொன்னது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஏழு வருஷம் கழித்துப் பிரான்சிலிருந்து வந்த மனுஷர். அவர் சாப்பிடும்போதே, "இல்ல மச்சான், கோல்ஃப் மட்டை துடைக்கிற வேலை, அதுவும் போன மாசத்தோட போச்சு" என்று நீங்கள் போட்டு உடைத்திருக்க வேண்டுமா? கையில் இருந்த வேலையையும் ரோஷத்தில் உதறிவிட்டு, இப்போது ஊரார் பொருளையும் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

மட்டைகளை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். கொடுத்துவிடுகிறேன்.

செலஸ்தின்


கோத்தகிரி,
22 ஜூன் 2024

அன்புள்ள செலஸ்தினுக்கு,

உன் கடிதம் மழையில் நனைந்து வந்து சேர்ந்தது. பல்பின் அருகில் வைத்துக் காயவைத்துப் படித்தேன். எனக்கென்று உன் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது, கல்யாணத்துக்கு முன் வந்ததோடு சரி. திட்டித்தான் எழுதியிருக்கிறாய். இருந்தாலும் இரண்டு தடவை படித்தேன்.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான்.

புதுச்சேரியில் அதைக் கொடுக்க ஆள் இல்லை. முல்லா வீதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஜாகிருக்கு ஒட்டும் வேலையும் கைப்பிடி மாற்றும் வேலையும் தெரியும், சுத்தம் செய்யும் பொறுமை கிடையாது. நீயே செய். நீ பிள்ளைகளின் பிரெஞ்சு நோட்டைத் திருத்தும்போது பார்த்திருக்கிறேன். எழுத்தின் தலைமேல் போடுகிற சின்னச் சாய்கோடு ஒன்று விட்டுப்போயிருந்தால்கூட உன் கண்ணுக்குத் தப்பாது. இதற்கும் அந்தக் கண்தான் வேண்டும்.

ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு நான்கு சொட்டு. கை பொறுக்கும் சூடுதான் இருக்க வேண்டும். இரும்புத் தலை மட்டும் நனையட்டும், கழுத்துக்கு மேலே தண்ணீர் ஏறக் கூடாது. பத்து நிமிடம் ஊறியதும் பழைய டூத் பிரஷ்ஷால், பந்தை அடிக்கிற முகத்தில் உள்ள கோடுகளை ஒவ்வொன்றாகத் தேய். அந்தக் கோட்டில் மண் இருந்தால் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. கம்பி பிரஷ் வேண்டாம், கீறிவிடும். துருப்பிடித்த இடத்தில் மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய இரும்பு நாரால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். கழுவியதும் தானாகக் காயட்டும் என்று விட்டுவிடாதே. நம் ஊர் உப்புக் காற்றுக்கு ஒரு மணி நேரம் போதும். துணியால் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் மறுபடியும் துடை.

மிச்சம் இருப்பவை ஐந்தாம் நம்பரிலிருந்து ஒன்பதாம் நம்பர் வரை. ஏழாம் நம்பரை மட்டும் கூடுதல் கவனத்தோடு பார். டாக்டரம்மா அதிகம் நம்புவது அதைத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஜாஸ்லின் ஹாஸ்டலிலிருந்து பேசினாளா?

லூர்து


முதலியார்பேட்டை,
8 ஜூலை 2024

அன்புள்ளவருக்கு,

ஜாஸ்லின் பேசினாள். சென்னை வெயிலையும் ஹாஸ்டல் சாம்பாரையும் திட்டுகிறாள், மற்றபடி சௌக்கியம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஐந்தாம் நம்பரை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தபோது, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு நோட்டுத் திருத்தலாம் என்று நினைத்தேன். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒரு கோடு சுத்தமானதும் பக்கத்துக் கோட்டைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. விட மனமில்லை. கடைசியில் வெயிலில் தூக்கிப் பிடித்தேன், பாருங்கள், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பில் சோறு குழைந்து போயிருந்தது.

பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒரு காகிதம் இருந்தது. யாருடைய கையையோ காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறீர்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதி மடங்கின மாதிரி இருந்தன. அதன் கீழே உங்கள் எழுத்தில், "இந்த இரண்டு விரலுக்குப் பிடி போதாது. ரப்பருக்கு அடியில் டேப் இரண்டு சுற்று கூட" என்று இருந்தது. நீங்கள் முடித்து வைத்த ஆறு மட்டைகளையும் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். ஆறின் கைப்பிடியும் வலது கை படுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பருமனாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிகிறது. அந்த அம்மாளின் விழுந்த கைக்கு என்று அளவெடுத்துச் செய்திருக்கிறீர்கள்.

இப்போது கெட்டது. ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது நான்கும் முடிந்தன. வெள்ளிக்கிழமை ஏழாம் நம்பர். பள்ளிக்கூடத்தில் மீட்டிங், நேரமில்லை. சூடு அதிகமாக இருந்தால் அழுக்கு சீக்கிரம் விடும் என்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுத்துவரை முக்கிவிட்டுப் போய்விட்டேன். நீங்கள் எழுதியிருந்தீர்கள். படித்தும் இருந்தேன். திரும்பி வந்து தூக்கினால் கம்பி மட்டும் கையோடு வருகிறது, தலை வாளியிலேயே கிடக்கிறது.

அழுதேன். பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளிடம், "மதாம் சொன்னதைச் சரியாக் கேட்டியா?" என்று அதட்டுகிறவள் நான்.

என்ன செய்யட்டும்? போட்டிக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை.

செலஸ்தின்


கோத்தகிரி,
12 ஜூலை 2024

அன்புள்ள செலஸ்தினுக்கு,

அழாதே. இது உடையவில்லை, பிரிந்திருக்கிறது. சூட்டில் பசை விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இதே மாதிரி மூன்றைக் கழற்றியிருக்கிறேன். அது யாருக்கும் தெரியாது.

இரண்டு காரியம் செய். முதலில் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொல். ஒட்டிவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்காதே. அது அவர் பொருள், அதற்கு என்ன நடந்தாலும் நமக்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும். பிறகு தலையையும் கம்பியையும் ஜாகிரிடம் எடுத்துப் போ. பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டி, அசைக்காமல் இரண்டு நாள் விடச் சொல். உன் ஐந்து மட்டைக்கும் கைப்பிடியை அவனே போடட்டும். நீ கூட இருந்து அந்தக் காகிதத்தைக் காட்டு. டேப் சுற்று ஒன்று குறைந்தாலும் பிரிக்கச் சொல்.

நான்கு மட்டையை நீ முடித்திருக்கிறாய். நான் முதல் நான்கைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று. வெயிலில் தூக்கிப் பிடித்துச் சிரித்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ கேலி செய்வாய்.

லூர்து


முதலியார்பேட்டை,
24 ஜூலை 2024

அன்புள்ளவருக்கு,

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்திருக்கேன். தப்பு பண்ணிட்டுத் தானா வந்து சொன்னவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். உக்காரும்மா, காபி குடி" என்றார்.

அங்கிருந்து ஜாகிர் பட்டறைக்குப் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஒட்டி, கட்டி வைத்து, காகிதத்தைப் பார்த்துக் கைப்பிடிகளுக்கு டேப் சுற்றிவிட்டு, அவராகவே ஆரம்பித்தார்.

"லூர்து அண்ணன் மலையில நல்லா இருக்காரா அண்ணி? அந்த ரிசார்ட்காரனுங்க பண்ணது அநியாயம்."

"என்ன அநியாயம்? இவருதானே ரோஷத்துல வேலைய விட்டாரு?"

அவர் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டார். "உங்ககிட்ட சொல்லவே இல்லியா?"

பிறகு எல்லாம் சொன்னார். மார்ச் மாதம் சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் ஆட வந்தாராம். அவருடைய பெரிய மட்டையை நீங்கள் ஈரத் துணியால் துடைத்தபோது எல்லா இடமும் காய்ந்தும் கழுத்துக்குக் கீழே மயிரிழை அளவு மட்டும் காயாமல் நின்றதாம். விரிசல். இதை அடித்தால் தலை பறக்கும், தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். "துடைக்கிறவன் துடைச்சா போதும்" என்றாராம் அவர். மேனேஜர் வந்து கேட்டும் நீங்கள் மட்டையை விடவில்லையாம். கடைசியில் பிடுங்கித்தான் வாங்கினார்களாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறித் தவளக்குப்பம் போனேன். அந்த ரிசார்ட்டில் புல் பிடுங்குவதாக ஜாகிர் சொன்ன கன்னியம்மாளை ஜங்ஷன் பக்கத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க ஏழு பேரு குந்தி புல்லு புடுங்கினு இருந்தோம்மா. உங்க வூட்டுக்காரரு அவ்ளோ தூரத்துலருந்து ஓடியாந்து, 'எழுந்திருங்க, எழுந்திருங்க, எல்லாம் அந்த வேப்பமரத்தாண்ட போங்க'ன்னு கத்துனாரு. மேஸ்திரி திட்டுவாருன்னு நாங்க தயங்குனோம். 'திட்டுனா நான் வாங்கிக்கிறேன், போங்கம்மா'ன்னாரு. நாங்க மரத்தாண்ட போயி திரும்பிப் பாக்கறோம், டமார்னு ஒரு சத்தம். நான் குந்தினு இருந்த எடத்துல, அதே எடத்துல, அந்த இரும்புக் குண்டு வந்து மண்ணுல பொதைஞ்சி கெடக்குது. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்கம்மா."

மூன்றாம் நாள் உங்களை வேலையை விட்டு அனுப்பினார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். நான் பஸ்ஸில் அழுதேன்.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஏழு பெண்கள் உங்களால் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அந்த மனுஷனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உங்களுக்கு ரோஷம் என்றும் சோம்பல் என்றும் நான் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபமாக வருகிறது, உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி. பெருமை எவ்வளவு என்று அளந்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணனுக்கு நேற்றே எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். உங்கள் வேலையின் பெயரையும் சரியாக எழுதினேன்.

பதில் போடுங்கள்.

உங்கள்
செலஸ்தின்


கோத்தகிரி,
29 ஜூலை 2024

அன்புள்ள செலஸ்தினுக்கு,

நீ தவளக்குப்பம்வரை போவாய் என்று எதிர்பார்க்கவில்லை. கன்னியம்மாள் பெரிதாகச் சொல்லியிருப்பாள். ஓடினது நிஜம். கத்தினது நிஜம். மற்றபடி விரிசல் தெரிந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சொல்லத்தான் வந்தேன். வேலையை விட்டு அனுப்பின அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் "வேலை போச்சு" என்றேன். நீ வெங்காயம் அரிந்துகொண்டே, "துடைக்கிற வேலைதானே, அதுல என்ன ரோஷம்?" என்று கேட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் என்னை நல்லவன் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிற மாதிரி ஆகியிருக்கும். வாயை மூடிக்கொண்டேன். அதுவும் ஒரு ரோஷம்தான். அந்த மட்டில் நீ சொன்னது சரி. அன்றே உன்னை உட்காரவைத்து முழுதும் சொல்லியிருந்தால், மச்சான் எதிரில் உன் முகம் அப்படிக் கறுக்கும்படி நான் பேசியிருக்கவும் மாட்டேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

இங்கே ஒரு செய்தி. கிளப்பின் செயலாளர் ராஜாங்கம் நேற்று என்னைக் கூப்பிட்டார். மட்டை அறை முழுவதையும் என் பொறுப்பில் விட நினைக்கிறாராம், நூற்று அறுபது செட். கூட இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம். தங்குவதற்குச் சின்னதாக ஒரு வீடும் உண்டு. ஆனால் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். வேண்டாம், வந்துவிடுங்கள் என்று நீ எழுதினால், அடுத்த பஸ் ஏறிவிடுவேன். மனதில் இருப்பதை எழுது.

போட்டி அன்று டாக்டரம்மாவுக்காகப் பிரார்த்தனை செய்துகொள்கிறேன். மழை பெய்தால் கைப்பிடியைத் துடைத்துத் துடைத்துக் கொடுக்க ஒருவர் கூட இருக்க வேண்டும். ஈரக் கைப்பிடி அவர் விரலில் நிற்காது.

லூர்து


முதலியார்பேட்டை,
5 ஆகஸ்ட் 2024

என் அன்புள்ளவருக்கு,

அந்த ஒருவர் நான்தான். டாக்டரம்மாவோடு காரில் சென்னைக்குப் போனேன். ஜாஸ்லினும் ஹாஸ்டலிலிருந்து வந்துவிட்டாள். பயந்தபடியே காலையில் தூறல். தோளில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டேன், ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மட்டையை வாங்கி, கோட்டில் ஒட்டின புல்லை எடுத்து, கைப்பிடியைத் துடைத்துக் கொடுத்தேன். ஜாஸ்லின் குடையைப் பிடித்துக்கொண்டு, "மம்மா, நீ அப்பா மாதிரியே மூஞ்ச வெச்சினு தொடைக்கிற" என்று ஒரே சிரிப்பு.

முதல் மூன்று குழியில் டாக்டரம்மாவின் கை நடுங்கியது. பந்து பத்தடிகூடப் போகாமல் உருண்டது. எனக்குப் பார்க்கவே முடியவில்லை. நான்காவதில் ஏழாம் நம்பரைக் கேட்டார். கொடுக்கும் முன் கழுத்தை ஒருமுறை திருகிப் பார்த்துக்கொண்டேன், தலை கழன்று போகுமோ என்று. அவர் அந்த இரண்டு விரலையும் கைப்பிடியில் வைத்து அழுத்திப் பார்த்தார். அடித்தார். ஒரு சுத்தமான சத்தம். பந்து தூறலுக்கு உள்ளே ஏறிப் போய்க் கொடி பக்கத்தில் போய் நின்றது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "புடிச்சிதும்மா. ரெண்டு விரலும் புடிச்சிது" என்றார். அழுதாரா, மழையா என்று தெரியவில்லை.

பதினான்கு பேரில் ஒன்பதாவது. முதல் பரிசு வாங்கினவர்கள்கூட அவ்வளவு சந்தோஷமாக இல்லை. கூட ஆடின ஒரு அம்மாள் டாக்டரம்மாவின் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எந்த ஊரில் கொடுத்துச் செய்தீர்கள் என்று கேட்டார். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், "என் வீட்டுக்காரர் செஞ்சது. அஞ்சு மட்டும் நான் தொடைச்சேன்" என்று.

இப்போது உங்கள் கேள்வி. அந்த ரிசார்ட் நம் வீட்டிலிருந்து அரை மணி நேர பஸ். ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தீர்கள். ஒரு நாளாவது நான் உள்ளே வந்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்தேனா? பார்க்காத வேலையைப் பற்றிப் போன தடவை பேசினதே போதும். இந்தத் தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை சுதந்திர தினம். வெள்ளி, பதினாறாம் தேதி, நம் புதுச்சேரிக்கு மட்டும் விடுமுறை. சனி, ஞாயிறு சேர்த்து நான்கு நாள். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறேன். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வந்து மலை பஸ் பிடிக்கத் தெரியும். வெள்ளிக்கிழமை நீங்கள் வேலைக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். தொந்தரவு செய்ய மாட்டேன். ஓரமாக இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள்
செலஸ்தின்


கோத்தகிரி,
9 ஆகஸ்ட் 2024

என் செலஸ்தினுக்கு,

ஸ்வெட்டர் கொண்டு வா. சால்வை போதாது. மேட்டுப்பாளையத்தில் இறங்கினதும் இடது பக்கம் நிற்கிற பஸ்ஸில் ஏறு, முன் சீட்டில் உட்கார், வளைவில் தலை சுற்றாது. கோத்தகிரி ஸ்டாண்டில் நான் நிற்பேன்.

ஒன்பதாவது என்றதும் ராஜாங்கம் சாரிடம் போய்ச் சொன்னேன். எதில் ஒன்பதாவது, யார் ஒன்பதாவது என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கை குலுக்கினார்.

காகிதம் அப்படியே இருக்கிறது. வந்து பார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அறையைத் திறப்பேன். முந்தின நாள் மழையில் ஆடியிருப்பார்கள், ஐம்பது செட்டாவது ஈரமாக வரும். நான் நின்றுகொண்டே வேலை செய்கிறவன். அறையில் உட்கார எதுவும் கிடையாது, இதுவரை அது எனக்குத் தோன்றினதும் இல்லை. நேற்று ஆபீஸில் கேட்டு ஒரு நாற்காலி வாங்கி வந்து ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். அங்கிருந்து பார்த்தால் என் கை தெரியும்.

லூர்து